பழைய தோல் பூட்ஸில் பிள்ளைகளோடு வண்ணம் தீட்டுவது: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சாமான் போட்டு வைக்கும் பாம் ஷெல்டரை, அதாவது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையை, திறந்தால் ஒரு சோடி பழைய பூட்ஸ் கிடைக்கும். தேசிய சேவை முடித்த அண்ணனுடையதாக இருக்கும், கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மாமாவுடையதாக இருக்கும், இல்லையென்றால் குளிர்நாட்டுச் சுற்றுலாவுக்கு வாங்கி ஒரே தடவை போட்டதாக இருக்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம். தோல் உறுதியானது, தாளைப் போல் கிழியாது, பிள்ளை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும்.

முதல் தடவை செய்பவர்கள் அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். பூட்ஸைத் துடைத்த கையோடு பிள்ளையிடம் பிரஷைக் கொடுத்துவிடுகிறார்கள். படம் அழகாக வரும். இரண்டு வாரத்தில் தோல் மடங்கும் இடத்தில் பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். பெயிண்ட் நிற்குமா உரியுமா என்பது பிரஷ் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எந்த பூட்ஸ் ஏற்றது

முதலில் அது உண்மையான தோலா என்று பாருங்கள். கயிறு கோக்கும் துளையின் ஓரம் அல்லது நாக்குப் பகுதியின் வெட்டுமுனையைக் கவனியுங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலமும் அடியில் துணியும் தெரிந்தால் அது செயற்கைத் தோல். செயற்கைத் தோலின் மேல்படலம் நம் ஊர் ஈரக்காற்றில் சில வருடங்களிலேயே உரியத் தொடங்கும். அதன் மேல் தீட்டிய படமும் கூடவே வந்துவிடும்.

அடுத்தது அடிப்பகுதி. பூட்ஸை இரு கையாலும் வளைத்துப் பாருங்கள், குதிகால் பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அது பாலியூரித்தேன் அடிப்பகுதி. காற்றிலுள்ள ஈரம் அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்த புது பூட்ஸுக்கும் இது நடக்கும். மேல்தோல் நன்றாக இருந்தால் அலங்காரப் பொருளாகச் செய்யலாம். போட்டுக்கொண்டு நடப்பதற்கு ஆகாது.

பஞ்சு மாதிரி மயிர் நிற்கும் ஸ்வேட் தோலும், கண்ணாடி போல் மின்னும் பேட்டண்ட் தோலும் இந்த முறைக்கு ஒத்துவராது. முதல்முறை செய்பவர்கள் சாதாரண வழவழப்பான தோலையே எடுங்கள்.

ராணுவ பூட்ஸ் என்றால் ஒரு விஷயம். வீட்டில் இருப்பவர் இன்னும் போர்க்காலப் படைவீரர் பயிற்சிக்கு (தேசிய சேவை முடித்தவர்களை அவ்வப்போது கூப்பிடும் பயிற்சி) அழைக்கப்படுகிறவர் என்றால் அந்தச் சோடியைத் தொடாதீர்கள். அந்தப் பயிற்சியின் எல்லாச் சுழற்சியும் முடித்தவருடையது என்றாலும் அவரிடம் நேராகக் கேட்டுவிட்டு எடுங்கள். பலருக்கு அந்த பூட்ஸோடு ஒரு ஒட்டுதல் இருக்கும்.

வீட்டில் எதுவும் இல்லையா? வாட்டர்லூ ஸ்திரீட்டில் மாதர் அமைப்புகளின் மன்றம் நடத்தும் பழம்பொருள் கடை, சால்வேஷன் ஆர்மியின் கடைகள் போன்ற இடங்களில் தேடிப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் தானே தேர்ந்தெடுத்த பூட்ஸ் என்று ஆர்வம் கூடும்.

2. நாள் கணக்கு

ஒரே மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று உட்காராதீர்கள். காய வேண்டிய நேரத்தைச் சுருக்க முடியாது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். அக்ரிலிக் பெயிண்ட் தனக்குள் இருக்கும் நீர் ஆவியாகித்தான் காய்கிறது என்பதால், புட்டியில் எழுதியிருக்கும் நேரத்தைவிட இங்கே கூடுதலாகவே ஆகும்.

வார இறுதியில் செய்வதென்றால் வெள்ளி மாலை சுத்தம் செய்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். சனி காலை பெரியவர் மெழுகு எடுக்கும் வேலையைச் செய்யட்டும், பிள்ளைகள் அந்த நேரத்தில் தாளில் வடிவம் வரையட்டும். சனி மத்தியானம் பெயிண்ட். ஞாயிறு மாலை மேல்பூச்சு. பாசி, கயிறு, சரிகை எல்லாம் அடுத்த வாரம். பிள்ளைகளை ஒரே இருப்பில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் கை அவசரப்படும், பெயிண்ட் தடிக்கும்.

ஜூன் விடுமுறை இதற்கு மிக வசதி. ஆண்டிறுதி விடுமுறையில் வடகிழக்குப் பருவமழை சேர்ந்துகொள்ளும். அப்போது செய்தால் ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு மடங்கு நேரம் வையுங்கள், அல்லது ஏர்கானை 'டிரை' நிலையில் வைத்த அறையில் காயவிடுங்கள்.

3. வாங்கி வைக்க வேண்டியவை

தோலுக்கென்றே செய்த அக்ரிலிக் பெயிண்ட் வாங்குங்கள். இதில் காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் பசை சேர்ந்திருக்கிறது. ஏஞ்சலஸ் என்ற அமெரிக்கப் பெயிண்ட் பலரும் பயன்படுத்துவது. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள கலைப்பொருள் கடைகளில் விசாரியுங்கள், இணையத்திலும் வாங்கலாம். வெள்ளை, கறுப்பு, அதோடு மூன்று நிறம் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம் இருந்தால் மற்றதைக் கலந்துகொள்ளலாம். பன்னிரண்டு நிறப் பெட்டியைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் எல்லாவற்றையும் கலக்கி, கடைசியில் ஒரே சேற்று நிறமாக ஆக்கிவிடுவார்கள்.

பள்ளிப் பையில் இருக்கும் சாதாரண அக்ரிலிக்கும் ஓரளவு நிற்கும், ஆனால் காய்ந்தபின் விறைத்துப்போகும். மடங்காத கணுக்கால் பக்கத்தில், துணிக்கான கலவைத் திரவம் (பெயிண்ட் வளைந்து கொடுக்கக் கலப்பது) சேர்த்துப் பயன்படுத்தலாம். போஸ்டர் கலர் வேண்டவே வேண்டாம். அது நீரில் கரையும், ஒரு மழைக்குத் தாங்காது.

இவை தவிர வேண்டியவை: அசிட்டோன் அல்லது 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு, பியூட்டைல் ரப்பர் கையுறை (ஆல்கஹால் மட்டும் என்றால் நைட்ரைல் போதும், அசிட்டோனை அது தாங்காது), மாஸ்கிங் டேப், தட்டையான பிரஷ் ஒன்று, மெல்லிய பிரஷ் இரண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சி, தையற்காரர் சாக்கட்டி, தோலுக்கான மங்கலான மேல்பூச்சு. நகப்பூச்சு நீக்கும் திரவத்தை அசிட்டோனுக்குப் பதிலாக வாங்காதீர்கள். பலவற்றில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். நாம் எண்ணெயை எடுக்கத்தான் இந்த வேலையே செய்கிறோம்.

தரையில் செய்தித்தாளை விரித்தால் காலில் ஒட்டிக்கொண்டு நகரும். பழைய போர்வை மேல், அல்லது மேசையில் டேப் போட்டு ஒட்டிய மஹ்ஜோங் தாள் (மேசையை மூடும் பெரிய வெள்ளைத் தாள்) மேல் செய்யுங்கள். அக்ரிலிக் ஒருமுறை காய்ந்துவிட்டால் துணியிலிருந்து போகாது. அதனால் பிள்ளைக்குப் பழைய டி-சட்டை. பள்ளிச் சீருடையோடு உட்கார விடாதீர்கள்.

4. சுத்தம் செய்தல்

கயிற்றை உருவி எறிந்துவிடுங்கள், அல்லது தனியாகத் துவையுங்கள். உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுங்கள். காய்ந்த பிரஷால் மடிப்புகளிலும் தையல் வரிசையிலும் இருக்கும் தூசியைத் தட்டுங்கள். இது பிள்ளைகள் மகிழ்ச்சியாகச் செய்யும் வேலை, பழைய பல்துலக்கியே போதும்.

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப் ஒரு சொட்டு. துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, துடையுங்கள். பூட்ஸைக் குழாயடியில் காட்டாதீர்கள். நீர் ஊறிய தோல் காயும்போது இறுகி, வடிவம் மாறும்.

வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் அது பூசணம். அதைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பெரியவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னலோரத்தில் துடைத்துவிட்டு, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைக்க வேண்டும். குளோரின் கலந்த திரவம் தோலைக் கெடுக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

பிறகு உள்ளே தாளைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு வையுங்கள். தாள் உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், வடிவத்தையும் காக்கும். வெயிலில் வைக்காதீர்கள். மேல்பக்கம் வேகமாகக் காய்ந்து வெடிப்பு விடும், உள்பக்கம் ஈரமாகவே இருக்கும். வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைபாதையில் வைப்பதும் சரியில்லை. அது எல்லாரும் நடக்கும் வழி, தவிர சாரல் அடித்தால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. தோல் வறண்டிருக்கிறதே என்று லெதர் கிரீமோ தேங்காய் எண்ணெயோ தடவிவிடுகிறார்கள். எண்ணெய் குடித்த தோலில் பெயிண்ட் பிடிக்காது.

5. மெழுகையும் பளபளப்பையும் எடுத்தல்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் கவனமாகப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கடையில் வாங்கும் தோலின் மேல் ஆலையிலேயே ஒரு மெல்லிய காப்புப்பூச்சு போட்டிருப்பார்கள். அதற்கு மேல் வீட்டில் போட்ட பாலிஷ் இருக்கும். ராணுவ பூட்ஸ் என்றால் வருடக்கணக்காக அடுக்கடுக்காகத் தேய்த்து முகம் தெரியும் அளவுக்கு மின்ன வைத்த மெழுகு இருக்கும், முக்கியமாக விரல் முனையிலும் குதிகாலிலும். பெயிண்ட் அந்த மெழுகின் மேல்தான் உட்காரும், தோலைத் தொடாது. மெழுகு மென்மையானது. அது நகர்ந்தால் பெயிண்டும் நகரும்.

இது முழுக்கப் பெரியவர் வேலை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆவியும் பரவும். நம் வீடுகளில் துணி காயப்போடும் இடம் சமையலறையை ஒட்டி இருக்கும், சில வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டரும் அங்கேயே இருக்கும். அடுப்பு, ஹீட்டர், சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் வீசும்படி வையுங்கள். பிள்ளைகள் வேறு அறையில் இருக்கட்டும்.

அசிட்டோனை மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். வெள்ளை நுரைக் கோப்பையில் ஊற்றினால் கோப்பையே கரைந்து மேசையில் வழியும். வினைல் தரையில் சொட்டினாலும் தடம் விழும், அதனால் அடியில் பழைய தட்டு வேண்டும்.

பஞ்சை நனைத்து, உள்ளங்கை அளவு இடத்தை எடுத்துக்கொண்டு ஒரே திசையில் தேயுங்கள். பஞ்சு கறுப்பாகும். உடனே மாற்றுங்கள். இங்கேதான் சிக்கனம் பார்த்துக் கெடுக்கிறோம். அழுக்கான பஞ்சால் தேய்த்தால் எடுத்த மெழுகையே இன்னொரு இடத்தில் பூசிக்கொண்டிருப்போம். பளபளப்பு போய், தோல் சாம்பல் பூத்த மாதிரி மங்கியதும் அடுத்த இடத்துக்குப் போங்கள். தையல் ஓரங்களையும் துளைகளைச் சுற்றியும் காதுக்குச்சியால் செய்யுங்கள், மெழுகு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நிறமே கரைந்து வருகிறதே என்று பயப்படாதீர்கள். மேல்பூச்சில் இருந்த சாயம் கொஞ்சம் வருவது இயல்பு. ஆனால் தோல் சொரசொரப்பாகி நார் எழும்பினால் அளவு மிஞ்சிவிட்டது, நிறுத்திவிடுங்கள்.

அசிட்டோன் வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் செய்யலாம். வாடை குறைவு, தோலுக்கும் மென்மை, ஆனால் இரண்டு மடங்கு தேய்க்க வேண்டும். இதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான்.

முடிந்ததா என்று அறிய இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒரு சொட்டு நீரை விடுங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, பரவினால் சரி. பிறகு மாஸ்கிங் டேப் ஒரு துண்டை ஒட்டி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு சுற்று, பிடித்துக்கொண்டு வந்தால் பெயிண்டும் பிடிக்கும். இந்தச் சோதனைகளை மட்டும் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஏன் இத்தனை நேரம் காத்திருந்தோம் என்று அவர்களுக்கே புரியும்.

பயன்படுத்திய பஞ்சை உடனே குப்பைக் குழாயில் போடாதீர்கள். ஜன்னலோரம் விரித்து, முழுக்க ஆவியான பிறகு போடுங்கள். வாடை போனதும், அரை மணி நேரம் கழித்து, பிள்ளைகள் வரலாம்.

6. வடிவத்தைத் தாளில் முடித்துவிடுங்கள்

பூட்ஸை எடுத்து ஒருமுறை மடக்கி, சுருக்கம் எங்கே விழுகிறது என்று சாக்கட்டியால் கோடு போடுங்கள். விரல்களுக்குப் பின்னால், கயிறு தொடங்கும் இடத்துக்கு முன்னால் இரண்டு மூன்று கோடு விழும். அந்தப் பட்டைக்குள் முகமோ எழுத்தோ வரக்கூடாது. எவ்வளவு நல்ல பெயிண்ட் என்றாலும் முதலில் வெடிப்பது அங்கேதான். புள்ளிகள், இலை, அலை மாதிரி சின்னச் சின்ன உருவங்கள் என்றால் கொஞ்சம் உதிர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பெரிய படத்துக்குக் கணுக்காலின் வெளிப்பக்கம்தான் இடம்.

பேக்கிங் தாளை (கேக் சுடும்போது அடியில் விரிக்கும் ஒட்டாத தாள்) அந்தப் பக்கத்தில் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, வெட்டிக் கொடுங்கள். பிள்ளை அந்த அளவுக்குள் வரையட்டும். இப்படிச் செய்யாவிட்டால் ஏ4 தாள் முழுக்க ஒரு டைனோசரை வரைந்துவிட்டு, பூட்ஸில் தலைக்கு மட்டுமே இடம் இருப்பதைப் பார்த்து அழுவார்கள்.

கறுப்பு பூட்ஸுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது புள்ளிக்கோலம். கறுப்புத் தோலில் வெள்ளைக்கோலம் போட அடித்தளமே தேவையில்லை, தரையில் பார்த்த மாதிரியே எடுப்பாகத் தெரியும். புள்ளி வைத்துவிட்டால் வரையத் தெரியாத பிள்ளைக்கும் கை எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். 1.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்தால் 6 சென்டிமீட்டர் சதுரம் வரும். பெரியவர் பூட்ஸின் பக்கத்தில் அது சரியாக உட்காரும். ஏழு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிக்குக்கோலம் வேண்டாம், புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைக்கும் நட்சத்திரம், பூ போதும். பாட்டி வீட்டில் இருந்தால் இந்தக் கட்டத்தில் அவரை உட்கார வையுங்கள். எத்தனை புள்ளிக்கு எந்தக் கோலம் என்பதை அவர் விரல் நுனியில் வைத்திருப்பார்.

கோலம் வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கு நீர்நாய்க் குடும்பம், எம்ஆர்டி ரயில், வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் பூ எல்லாம் நன்றாக வரும். ரயில் என்றால் பூட்ஸைச் சுற்றி ஒரு பட்டையாக ஓட விடலாம்.

தோலில் கோடு போடச் சாக்கட்டி மட்டுமே. மெழுகுக் கிரேயானில் வரைந்தால், கஷ்டப்பட்டு எடுத்த மெழுகைத் திரும்பக் கொண்டுவந்து வைத்ததாகிவிடும். கார்பன் தாளின் கறை வெளிர்நிறத் தோலில் போகாது.

7. வெள்ளை அடித்தளம்

கறுப்பின் மேல் மஞ்சளை நேராகத் தீட்டினால் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு நிறம்தான் தெரியும். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு வரும் இடங்களுக்கு மட்டும் முதலில் வெள்ளை போடுங்கள். பூட்ஸ் முழுக்கப் போட வேண்டாம்; அது பெயிண்ட்டுக்கும் தண்டம், மடிப்புகளிலும் வெடிக்கும்.

தோலுக்கான வெள்ளைப் பெயிண்ட்டையே மெல்லியதாக மூன்று, நான்கு பூச்சு போடுங்கள். ஓவியத் துணிக்குப் பூசும் ஜெஸ்ஸோவைப் பலர் இங்கே பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அது சுண்ணாம்பு மாதிரி விறைத்து, தோல் வளையும்போது நொறுங்கும்.

இப்போதே அடிப்பகுதியின் ஓரம், துளை வளையம், ஜிப் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள். நம் வெக்கைக்கு நாள்கணக்கில் விட்டால் பசை தங்கிவிடும்.

8. இனி பிள்ளைகளின் கை

பெயிண்ட்டைப் புட்டியோடு கொடுக்காதீர்கள். பாட்டில் மூடியில் கொண்டைக்கடலை அளவு ஊற்றிக் கொடுங்கள். தீர்ந்தால் திரும்பக் கொடுக்கலாம். கொஞ்சமாக இருந்தால் தானாகவே மெல்லியதாகத் தீட்டுவார்கள், மூடியில் காய்ந்து வீணாவதும் குறையும்.

பெயிண்ட் பால் மாதிரி ஓட வேண்டும். கெட்டியாக இருந்தால் ஓரிரு சொட்டு நீர். முதல் பூச்சில் அடியிலுள்ள தோல் தெரிந்தால்தான் சரி. பிள்ளைக்கு இது பிடிக்காது. தீட்டினேன், ஆனால் தெரியவில்லையே என்று அதே இடத்தில் நான்கு தடவை பிரஷை ஓட்டுவார்கள். அப்போது பாதி காய்ந்த படலம் கிழிந்து பிரஷோடு வரும். தடிப்பாகப் போட்டாலும் கேடுதான். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் அடைபட்டிருக்கும், சில நாளில் சுருங்கி வெடிக்கும்.

"தொடாதே, காயட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் பலன் இல்லை. இரண்டு பூட்ஸையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். இடது பூட்ஸில் ஒரு பூச்சு, அப்புறம் வலதில் ஒரு பூச்சு. வலது முடிவதற்குள் இடது காய்ந்திருக்கும். மின்விசிறிக் காற்றில் மெல்லிய பூச்சு ஒன்றுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும், மழை நாளில் இரட்டிப்பு. புறங்கையால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்: குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

அண்ணன் தங்கை இருவர் செய்தால் ஆளுக்கு ஒரு பூட்ஸ் கொடுத்துவிடுங்கள். இரண்டு பூட்ஸும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். அது தேவையில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு நிறம் மட்டும் வைத்தால் சோடி சோடியாகவே தெரியும்.

புள்ளி வைக்கப் பஞ்சுக்குச்சி, பென்சிலின் அழிப்பான் முனை இரண்டும் பிரஷைவிட நல்லவை. ஒவ்வொரு நான்கு புள்ளிக்கும் ஒருமுறை தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் புள்ளி பெரிதாகவும் கடைசிப் புள்ளி மங்கலாகவும் வரும். கோலத்தின் கோட்டுக்கு அக்ரிலிக் பேனா வசதியானது. எட்டு வயதுப் பிள்ளையின் பிடிக்கு மெல்லிய பிரஷைவிட அதுதான் அடங்கும். சாதாரண நிரந்தர மார்க்கரை எடுக்காதீர்கள். மேல்பூச்சு பட்டதும் அதன் மை கரைந்து பரவும்.

கோடு தவறினால் உடனே ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம். காய்ந்துவிட்டால் துடைக்காதீர்கள், அடி நிறத்தை மேலே தீட்டி மறைத்துவிட்டுத் திரும்ப வரையலாம். இதைத் தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். தவறைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை தைரியமாகக் கோடு இழுக்கும்.

நீங்கள் பிரஷை வாங்கித் திருத்தாதீர்கள். கோலம் கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும், அது பிள்ளை போட்ட கோலம். பெரியவர் செய்ய வேண்டியது ஓரங்களை மூடுவது, பிரஷைக் கழுவுவது, நேரம் பார்ப்பது. பிரஷை நீரில் நிறுத்தி வைத்தால் முடி வளைந்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே கழுவி, படுக்க வையுங்கள்.

9. மேல்பூச்சு

கடைசிப் பூச்சு போட்டு ஒரு நாள் முழுக்கக் காயட்டும். சாக்கட்டிக் கோடு எங்காவது தெரிந்தால் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். பிறகு மேல்பூச்சை மெல்லிய பஞ்சு ஒத்தடத்தால் இரண்டு தடவை போடுங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட்டு. புட்டியைக் குலுக்காதீர்கள், கலக்குங்கள். குலுக்கினால் நுரைக்குமிழி அப்படியே தோலில் காய்ந்து நிற்கும்.

மின்னும் வகையைவிட மங்கலான வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன். மின்னும் பூச்சில் விரல்ரேகை பதியும், ஈரக்காற்றில் பிசுபிசுப்பும் நீடிக்கும்.

தாளுக்கும் மரத்துக்கும் பூசும் பசைப்பூச்சு வேண்டாம். அதுவும் வளையாது.

10. சரிகை, பாசி, கண்ணாடி

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் சேலைக் கரைகள், சம்கி, வட்டக் கண்ணாடி, பாசி எல்லாம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இந்தக் கடைகளே ஒரு கொண்டாட்டம். ஆனால் ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெயிண்ட்டின் மேல் ஒட்டினால், அந்தப் பொருளைப் பிடித்திருப்பது பெயிண்ட் மட்டும்தான். கண்ணாடி விழும்போது பெயிண்ட்டையும் பெயர்த்துக்கொண்டு போகும். அதனால் ஒட்டப்போகும் இடத்தைப் பெயிண்ட் படாமல் முன்பே டேப் போட்டு மூடி வையுங்கள். வெறும் தோலில் நேராக ஒட்டுங்கள்.

சூட்டுப்பசைத் துப்பாக்கி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அது தோலில் வேரூன்றாது, வளையும்போது முழுத்துண்டாகக் கழன்று வரும். உடனடிப் பசை கண்ணாடி போல் இறுகி உடையும், சுற்றி வெள்ளைத் தடமும் விடும். நீரில் கரையும் வகைத் தோல் பசை அல்லது துணிப்பசையே பிள்ளைகளுக்கு ஏற்றது. காய நேரமாகும், ஆனால் வளையும். செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் கான்டாக்ட் பசை மிக உறுதியானது, வாடையும் கடுமை. அதைப் பெரியவர் மட்டும், ஜன்னலோரத்தில்.

கண்ணாடியையும் பாசியையும் மடங்காத இடத்தில் மட்டும் வையுங்கள். சரிகைக் கரை பூட்ஸின் மேல்வாயைச் சுற்றி அழகாக இருக்கும், ஆனால் காலில் போடும் பூட்ஸ் என்றால் உள்பக்கம் மடித்து ஒட்டாதீர்கள், தோல் உரசிப் புண்ணாகும்.

கயிறு முழுக்கப் பிள்ளைகளின் பொறுப்பு. புதுக்கயிறு வாங்கி, பெரிய துளைப் பாசிகளைக் கோக்கச் சொல்லுங்கள். முனை பிரிந்திருந்தால் டேப்பால் இறுக்கிச் சுற்றினால் ஊசி மாதிரி நுழையும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் பாசிக் கிண்ணத்தை மேசையின் நடுவில் வையுங்கள், வேலை முடிந்ததும் தரையைப் பெருக்குங்கள். பாசி தொண்டையில் சிக்கும்.

11. முடித்த பிறகு எங்கே வைப்பது

காலில் போடுவதென்றால் ஒரு வாரம் பொறுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் அக்ரிலிக் உள்ளே இறுகுவதற்கு அவ்வளவு நாள் ஆகும். அந்த ஒரு வாரமும், அதற்குப் பிறகும், இரண்டு பூட்ஸையும் ஒன்றோடொன்று உரசும்படி வைக்காதீர்கள். ஈரக்காற்றில் பெயிண்ட் பெயிண்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒன்றின் படம் இன்னொன்றுக்குப் போய்விடும். நடுவில் பேக்கிங் தாள் வைத்தால் போதும்.

செடி வைக்க நிறையப் பேர் விரும்புகிறார்கள். அப்படியென்றால் மண்ணை நேராக பூட்ஸுக்குள் கொட்டாதீர்கள், தோல் அழுகும். மணிபிளாண்ட் மாதிரி ஒரு செடியைச் சின்னத் தொட்டியோடு உள்ளே இறக்குங்கள். நீர் ஊற்றும்போது தொட்டியை வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். பூட்ஸின் விரல்பக்கத்தில் தேங்கும் நீர் வெளியே தெரியாது. 20 காசு நாணயம் அளவு நீரிலேயே ஏடிஸ் கொசு முட்டையிடும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெளியே மழை படும் இடத்தில் வைப்பதென்றால் அடியில் துளை போடாமல் வைக்கவே வேண்டாம்.

வாசலில் வைப்பவர்கள் நடைபாதையின் வழியை மறிக்காமல், கதவோடு ஒட்டி வையுங்கள். என்னைக் கேட்டால் வீட்டுக்குள் படிக்கும் மேசையில் பேனா, அளவுகோல், பிரஷ் போட்டு வைப்பதுதான் நல்லது. பிள்ளை தினமும் பார்க்கும்.

12. பூசணமும் உரிந்த இடமும்

மூடிய அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் பூசணம் திரும்ப வரும். ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், நிரம்பியதும் மாற்றுங்கள். துடைக்கக் காய்ந்த துணி அல்லது இலேசான ஈரத்துணி போதும். ஆல்கஹால் இனி வேண்டாம், அது பெயிண்ட்டை இளக்கும். பாலிஷும் வேண்டாம்.

எங்காவது உரிந்தால் தளர்ந்த ஓரத்தை நகத்தால் மெல்ல எடுத்துவிடுங்கள். தெரியும் வெறும் தோலைக் காதுக்குச்சியில் தொட்ட ஆல்கஹாலால் அந்த அளவுக்கு மட்டும் துடையுங்கள். அரை மணி நேரம் கழித்து அதே நிறத்தில் இரண்டு மெல்லிய பூச்சு, மறுநாள் மேல்பூச்சு ஒன்று. இதற்காகவே, கலந்து செய்த நிறங்களில் மிஞ்சியதைக் கொட்டிவிடாமல் சின்ன மூடிக்குப்பியில் அடைத்து, எந்த பூட்ஸ், எந்த இடம் என்று எழுதி வையுங்கள்.